போர்குண்ட் மரத் தேவாலயம்: நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நார்வே நாட்டில் 800 வருஷத்துக்கு மேலாக நிற்கிற ஒரு சின்ன மரச் சர்ச்சைப் பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பேச்செடுத்தால் யாரும் 'அப்படியா' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் நடுவில் வளர்ந்தவர்கள், கேள்வி மேல் கேள்வி வந்து விழும். பழைய வீடுகளின் மரவேலையைப் பழுது பார்ப்பது என் தொழில். அதனால் ஆசாரிகள், பங்காளிகள், வீடு பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் என்று பல பேர் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தச் சர்ச் எங்கே இருக்கிறது, உண்மையிலேயே அவ்வளவு பழசா?

நார்வேயின் மேற்குப் பக்கம், சோங்னே ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த குடா) உள்கோடியில் லெர்டால் என்று ஒரு பள்ளத்தாக்கு. அதற்குள் இருக்கிற சின்ன ஊர்தான் போர்குண்ட். சர்ச்சுக்கும் அதே பெயர். அப்போஸ்தலர் அந்திரேயாவுக்கு அர்ப்பணித்த சர்ச் அது.

பழசுதான், சந்தேகமே வேண்டாம். மரத்தின் வருஷ வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1180–81 குளிர்காலத்தில் வெட்டிய மரம் என்று தெரிந்திருக்கிறது. அந்தச் சமயம் இங்கே மூன்றாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, தாராசுரம் கோயில் புதுக்கோயில். நம்மிடம் அந்தக் காலத்துக் கல் கட்டடம் எத்தனையோ இருக்கிறது, மரக் கட்டடம் ஒன்றைச் சட்டென்று காட்ட முடியாது. போர்குண்டில் அன்றைக்குச் செதுக்கிய தூண் இன்றைக்கும் அதே இடத்தில் பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது.

'ஸ்டேவ் சர்ச்' என்கிறார்களே, அது என்ன வகை?

மரத்தில் கட்டடம் எழுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, முழு மரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவராக்குவது. ரஷ்யாவில் ஒனேகா ஏரித் தீவில் 1714-ல் கட்டிய, 22 குமிழ்க் கோபுரங்கள் கொண்ட கிழி தேவாலயம் அந்த வகை. இன்னொன்று தூணை நிறுத்தி, தூணுக்கு மேலும் கீழும் சட்டம் கோத்து, நடுவில் பலகையை நட்டுக்குத்தலாகச் செருகுவது. இதுதான் ஸ்டேவ். பாரமெல்லாம் தூணுக்கும் சட்டத்துக்கும் போகும், பலகை இடத்தை அடைக்க மட்டும்தான்.

நம்ம ஆசாரிக்கு இரண்டாவது வழி உடனே புரியும். நிலை செய்கிற கைக்கு, ஒரு சர்ச்சையே பெரிய நிலையாக நினைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

தூணை நேரே மண்ணில் ஊன்றியிருக்கிறார்களா? அப்படியென்றால் இத்தனை நாளில் அடி இற்றுப்போயிருக்குமே?

எனக்கு வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான், இரண்டு கொத்தனார்கள் தனித்தனியாகக் கேட்டார்கள்.

முதலில் அப்படித்தான் ஊன்றினார்கள். 11-ஆம் நூற்றாண்டில், நார்வே கிறிஸ்தவ நாடான புதிதில், குழி தோண்டித் தூணை மண்ணில் இறக்கித்தான் சர்ச் கட்டினார்கள். அதில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. மண்ணில் இருக்கிற ஈரம் தூணின் அடியைத் தின்றுவிட்டது. உர்னெஸ், லோம் போன்ற ஊர்களில் இப்போது நிற்கும் சர்ச்சின் தரைக்கு அடியில் தோண்டிப் பார்த்தபோது அந்தப் பழைய சர்ச்சின் தூண் குழிகள் கிடைத்தன. ஆக ஒரு தலைமுறை கட்டி, இற்றுப்போவதைக் கண்ணால் பார்த்து, அடுத்த தலைமுறை முறையையே மாற்றியிருக்கிறது.

மாற்றியது எப்படி என்றால், முதலில் தரையில் கல் வரிசை. கல்லின் மேல் நான்கு தடித்த உத்தரங்களைக் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று வைத்தார்கள். தாயக்கட்டம் போட நாம் முதலில் இழுப்போமே நான்கு கோடு, ஒன்றையொன்று வெட்டி முனைகள் வெளியே நீண்டு நிற்குமே, அதே அமைப்பு. உள்ளே இருக்கிற உயரமான தூண்கள் இந்த உத்தரங்களின் மேல் நிற்கின்றன. வெளியே நீண்ட முனைகளின் மேல் சுற்றுச் சுவருக்கான அடிச்சட்டம் உட்காருகிறது. மொத்தச் சர்ச்சிலும் ஒரு தூண்கூட மண்ணைத் தொடவில்லை. அடியில் காற்று போகும், மழைத் தண்ணீர் வடிந்துவிடும், பனி உருகினாலும் கல்லைத்தான் நனைக்கும்.

மூலைத் தூணின் அடியை நான் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன். சுவரின் இரண்டு அடிச்சட்டங்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று வெட்டிப் பொருந்துகின்றன. அந்தப் பொருத்தின் மேல் தூண் சும்மா நிற்கவில்லை. தூணின் அடியில் வாய்போல வெட்டி, அந்த வாய் மூலைப் பொருத்தின் மேல் கவிந்து இறங்குகிறது. மழை தூணில் வழிந்து வந்தால் பொருத்துக்குள் போக வழியில்லை, வெளிப்பக்கமாகவே இறங்கிவிடும். தண்ணீர் எங்கே வரும், எங்கே தேங்கும், எங்கே போகும் என்று யோசித்து யோசித்து வெட்டிய வெட்டு அது. அழகுக்காகச் செய்த வேலை மாதிரித் தெரியும், செய்த காரணம் வேறு.

நம்ம முகப்பில் பர்மா தேக்குத் தூணைக் கருங்கல் பீடத்தின் மேல்தானே நிறுத்தியிருக்கிறார்கள்? காரணம் ஒன்றேதான். மரம் வயசானதால் கெடுவதில்லை. நனைந்து, காய வழியில்லாமல் கிடந்தால்தான் கெடுகிறது. இதை லெர்டாலில் இருந்தவரும் கண்டுபிடித்தார், காரைக்குடியில் இருந்தவரும் கண்டுபிடித்தார்.

"ஆணியே அடிக்காம எப்படியப்பா நிக்குது?" (ஓர் ஆச்சி கேட்டது)

கட்டடத்தைத் தாங்குகிற பொருத்து எல்லாம் மரத்துக்கு மரம்தான் ஆச்சி. கழுந்து செதுக்கித் துளையில் இறக்கி, குறுக்கே மர முளை அடித்திருக்கிறார்கள். சுவர்ப் பலகைகளில் ஒரு ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் காடி. ஒன்றின் நாக்கு அடுத்ததின் காடிக்குள் போகும். பூட்டு, தாழ்ப்பாள் மாதிரியானவற்றில் இரும்பு உண்டு, எலும்புக்கூட்டில் அதற்கு வேலையில்லை.

இதில் ஒரு பெரிய நன்மை. மரம் காய்ந்தால் சுருங்கும், ஈரத்துக்கு விரியும். இரும்பு ஆணி அடித்தால் விரிய இடமில்லாமல் பலகை வெடிக்கும், ஆணியைச் சுற்றி ஈரம் ஏறித் துரு பிடிக்கும். மர முளை மரத்தோடு சேர்ந்தே சுருங்கி விரியும். காற்று பலமாக அடிக்கும்போது கட்டடம் கொஞ்சம் அசைந்துகொடுக்கவும் முடிகிறது.

அசைவது எல்லை மீறாமல் இருக்க மேலே வேறு ஏற்பாடு. தூணுக்கும் தூணுக்கும் இடையில், தலைக்கு மேலே, பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குச் சட்டங்கள். அதற்கு மேலும் கீழும் தூண்களை இடுக்கிபோல இருபுறமும் பிடிக்கும் சட்டங்கள். அப்புறம் தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் வளைந்த முட்டுக்கட்டைகள். நம்ம போதிகை இருக்கும் இடத்தில் அவர்கள் வைத்தது இது. நேர்க்கட்டையை வளைவாக வெட்டினால் நார் அறுபட்டுப் பலம் போய்விடும் என்பதால், இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த, வேரும் அடிமரமும் சேருகிற பாகத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள். காட்டில் நிற்கும் மரத்தைப் பார்க்கும்போதே இது முட்டுக்கு ஆகும், இது தூணுக்கு ஆகும் என்று கண் வைத்திருக்க வேண்டும்.

என்ன மரம்? தேக்கா?

இல்லை, அந்தக் குளிரில் தேக்கு வளராது. அங்கே வளரும் பைன். ஆனால் நம்ம ஊரில் பெட்டி அடிக்க வருகிற வெளுத்த, மெத்தென்ற பைனை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குளிரில் மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருக்கமாக விழுந்து, பிசின் ஏறி இறுகிய வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தார்கள். தேக்கில் எண்ணெய் செய்கிற வேலையை அங்கே பிசின் செய்கிறது.

அங்கே கறையான் கிடையாதா?

கிடையாது. இது அவர்களுக்குக் கிடைத்த கொடுப்பினை, மறுக்கவில்லை. அங்கே எதிரி பூஞ்சையும் சில வகை வண்டுகளும். பூஞ்சை ஈரத்தில்தான் வரும். இன்னொரு அனுகூலமும் சொல்ல வேண்டும். மேற்குக் கடற்கரை நகரமான பெர்கன் பக்கமெல்லாம் வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். லெர்டால் பள்ளத்தாக்கு மலை மறைவில் இருப்பதால் அங்கே மழை அதில் ஒரு சிறு பங்குதான்.

ஆனால் அதனால்தான் நின்றது என்று சொல்லிவிட முடியாது. மழை அதிகமான இடத்திலும் இந்த வகைச் சர்ச்சுகள் நிற்கின்றன, மழை குறைந்த இடத்தில் கவனிக்காமல் விட்டவை போய்விட்டன.

படத்தில் கன்னங்கரேல் என்று இருக்கிறதே, தீப்பிடித்ததா?

தார். ரோட்டுக்குப் போடும் தார் இல்லை, பைன் மரத்துக் கட்டை, வேர் எல்லாவற்றையும் குவித்து, காற்றுப் புகாமல் மண்ணால் மூடி, உள்ளே மெள்ளக் கனியவிட்டால் அடியில் வடிகிற தார். அதைச் சூடாக்கிச் சுவர், கூரை எல்லாவற்றுக்கும் பூசுவார்கள். நல்ல வெயிலில் கிட்டே போனால் அந்த வாசனைதான் முதலில் மூக்குக்கு வரும். புகையும் பிசினும் கலந்த வாசனை, துணியில்கூட ஒட்டிக்கொள்ளும்.

சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். தெற்குச் சுவரில் வெயில் அதிகம் விழுவதால் தார் சீக்கிரம் உலர்ந்து வெளுத்துவிடும், வடக்குச் சுவரில் பல காலம் அப்படியே கறுப்பாக இருக்கும். சுற்றி வந்தாலே இரண்டு பக்கத்துக்கும் நிறம் வேறு என்று தெரிகிறது. எண்ணூறு வருஷம் நின்றது என்று கட்டிடத்தைப் புகழ்கிறோம். இந்தப் பூச்சு வேலையை ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் வாளியும் பிரஷ்ஷும் எடுத்து ஏணியில் ஏறிச் செய்திருக்கிறார், அவர்களில் யார் பெயரும் எழுதிவைக்கப்படவில்லை. எனக்கு அந்த ஆட்கள் மேல்தான் மரியாதை அதிகம்.

கூரை மேல் பாம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது என்ன? சர்ச்சில் அது எதற்கு?

டிராகன் தலைகள். மேல் கூரையின் முக்கோண முகடுகளில் வாயைத் திறந்து வெளிப்பக்கமாகப் பார்க்கின்றன. அதற்குக் கீழே இருக்கும் முகடுகளில் சிலுவை. கிறிஸ்தவத்துக்கு மாறி வெகுகாலம் ஆகாத சமூகம், கப்பல் முனையில் டிராகன் தலை செதுக்கிய கை அதே கைதான், சர்ச்சிலும் செதுக்கியது. நம்ம கோயிலில் யாளியையும் கீர்த்திமுகத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாசலுக்கு மேலே ஒரு பயங்கர முகம் இருப்பது புதுசாகவே தெரியாது.

மேற்கு வாசலின் இரண்டு பக்கமும் கொடியும் டிராகனும் பின்னிப் பின்னி ஏறுகிற செதுக்கல் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். எது கொடி எது உடம்பு என்று விரலால் தொடர்ந்து பார்த்தால்தான் பிரியும். இங்கே நல்ல நிலைவாசல் எதிரே நின்றால் வருகிற அதே மலைப்பு எனக்கு அங்கே வந்தது.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுக்கு அடுக்காக, செங்குத்தாக இறங்கும் கூரைகள், மீன் செதில் மாதிரிப் பதித்த மரச் சில்லுகள். பனி தங்காமல் சரிந்துவிட வேண்டும் என்பதற்காக அந்தச் சரிவு. கீழே சர்ச்சைச் சுற்றி ஒரு மூடிய நடை ஓடுகிறது. உள்ளே போகும் முன் ஆட்கள் நிற்க அது உதவும். அதைவிட முக்கியமாக, உள்சுவரின் அடியில் மழை படாமல் காப்பது அதுதான். நம்ம திண்ணைத் தாழ்வாரம் செய்கிற வேலை.

உள்ளே எப்படி இருக்கும்? ஜன்னலே இல்லையாமே?

ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். முதலில் வைத்தது மேலே, கூரைக்குக் கீழே சின்ன வட்டத் துளைகள் மட்டும்தான். வாசல் வெளிச்சத்தைத் தாண்டி உள்ளே போனால் கண் பழகச் சில நிமிஷம் ஆகும். பழகினதும் தூண்கள் மேலே மேலே போவது தெரியும், நடுப்பகுதி உயரம், சுற்றிலும் தாழ்ந்த நடை, முன்னால் பீடத்துக்கான சின்ன அறை. இடம் ரொம்பச் சின்னது, நம்ம வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஒரு கல்யாணப் பந்திக்கு உட்காரும் கூட்டம் அதற்குள் கொள்ளாது.

இன்று அங்கே இருக்கைகள் கிடையாது. அந்தக் காலத்தில் மக்கள் நின்றுகொண்டேதான் பூசை கண்டார்கள், சுவரோரம் முடியாதவர்களுக்கு மட்டும் பெஞ்சு. 1537 வாக்கில் நார்வே புராட்டஸ்டன்ட் ஆன பிறகு பழைய சாமான் பெரும்பாலும் போய்விட்டது. பிரசங்க மேடை 16-ஆம் நூற்றாண்டு, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் படப்பலகை 1654. பழைய காலத்து ஞானஸ்நானத் தொட்டி மட்டும் தங்கியிருக்கிறது, அது மாக்கல். நம்ம கல்சட்டிக் கல்லேதான், சொன்னால் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம்.

சுவரில் யாரோ கிறுக்கியிருப்பதாகச் சொன்னீர்களே?

ரூன் எழுத்து, வைக்கிங் (வடநாட்டுக் கடலோடிகள்) காலத்துக்கும் முன்பிருந்தே அங்கே வழங்கிய எழுத்து. கத்தி முனையால் மரத்தில் கீறியது. ஒன்றில் தோரிர் என்பவர், புனித ஓலாவ் திருநாளுக்கு முந்தின மாலை இந்த வழியாகப் போனபோது இதைக் கீறினேன் என்கிறார். அதோடு விடவில்லை, விதியை வகுக்கும் தேவதைகள் நல்லதும் செய்தார்கள் கெட்டதும் செய்தார்கள், எனக்குப் பெரும்பாட்டைக் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஓலாவ் நார்வேயைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த ராஜா, 1030-ல் போரில் இறந்தவர், திருநாள் ஜூலை 29. அவர் திருநாளுக்கு முந்தின மாலை, சர்ச் சுவரிலேயே பழைய மதத்துத் தேவதைகளைச் சொல்லி ஒருவர் புலம்புகிறார். என்ன கஷ்டமோ. கிழக்கும் மேற்கும் போகிற பழைய பாதை அந்தப் பக்கமாகத்தான் போனது, வழிப்போக்கர்கள் ஒதுங்கிய இடம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்த மாதிரி எத்தனை சர்ச் இருந்தது, எத்தனை மிச்சம்?

ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். நார்வேயில் இன்று நிற்பது 28.

போனதற்கு ஒரு காரணம் சொல்லி முடிக்க முடியாது. 1349-ல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகக் காலியானது, ஆள் இல்லாத ஊரில் சர்ச்சுக்குத் தார் பூச யார் இருக்கிறார்கள்? நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஆனால் கடைசிப் பெரிய அடி 19-ஆம் நூற்றாண்டில், அதுவும் நல்ல எண்ணத்தோடே விழுந்தது. ஊர்மக்களில் 10 பேருக்கு 3 பேராவது உட்காரும் அளவுக்குச் சர்ச்சில் இடம் இருக்க வேண்டும் என்று 1851-ல் சட்டம் வந்தது. இந்தச் சின்ன மரச் சர்ச்சுகளில் அது நடக்காத காரியம். இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். இருட்டு, குளிர், இடமில்லை, பழைய பாணி என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்ன காரணங்களைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இங்கே வீட்டை இடிக்க முடிவெடுக்கும் கூட்டங்களில் நான் கேட்கிற அதே வார்த்தைகள்.

போர்குண்ட் தப்பித்தது எப்படி என்றால், அந்த ஊர்க்காரர்கள் புதுச் சர்ச்சைப் பக்கத்திலேயே தனியாகக் கட்டினார்கள், 1868-ல். பழசை இடிக்கவில்லை. 1844-ல் தொடங்கிய பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1877-ல் அதை விலைக்கு வாங்கியது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதிகம் மாற்றப்படாமல் தப்பியது இதுதான் என்பதால், மற்றச் சர்ச்சுகளைப் பழுது பார்த்தவர்கள் மாதிரிக்கு இதைத்தான் பார்த்தார்கள்.

பிரித்து எடுத்து வேறு ஊரில் கொண்டுபோய் மாட்டினார்களாமே? நாமும் வீட்டைப் பிரித்துத்தானே விற்கிறோம், இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை, இதை நான் அழுத்தியே சொல்வேன்.

அங்கே நடந்ததைப் பாருங்கள். வாங் என்ற ஊர்ச் சர்ச்சை இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஜே. சி. டால் என்ற நார்வே ஓவியர் தலையிட்டார், 1841-ல் பிரஷ்ய (அந்தக் காலத்து ஜெர்மன் நாடு ஒன்று) அரசருக்காக அதை வாங்கினார்கள், பிரித்துக் கப்பலேற்றி மலையோர ஊர் ஒன்றில் திரும்ப நிறுத்தினார்கள். இன்று அது போலந்தில் கார்பாச் என்ற ஊரில் நிற்கிறது. கோல் என்ற ஊர்ச் சர்ச்சை 1880-களில் ஆஸ்லோவுக்குக் கொண்டுபோனார்கள், இப்போது அங்கே மக்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடம் மாறியது நஷ்டம்தான், பழுதானதற்கு மாற்றுமரம் போட்டார்கள், விட்டுப்போனதை ஊகித்துக் கட்டினார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் சர்ச் சர்ச்சாகவே போய்ச் சேர்ந்தது. எந்தத் தூண் எந்தச் சட்டத்தோடு சேரும் என்ற அறிவும் கூடவே போனது.

நம்ம கதை வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். ஒரு கடையில் நிலை, ஒரு கடையில் தூண், இன்னொரு கடையில் அந்தத் தூணின் போதிகை. முகப்புத் தூண் ஏதோ ஒரு ஊர் ரெஸ்டாரன்ட்டில் பாரமே இல்லாமல் அலங்காரமாக நிற்கும், கதவு கண்ணாடி போட்டு டீப்பாயாகும். கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வாங்காவிட்டால் சில சாமான் விறகாகப் போயிருக்கும். விற்பவர்களின் நிலைமையும் தெரியும். ஒரு வீட்டில் இருபது முப்பது புள்ளிக்கு (கல்யாணமான குடும்பத்துக்கு) பங்கு, பாதிப் பேர் வெளிநாடு, ஓடு மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் ஒருவர் தருவார், மூவர் தரமாட்டார். பர்மாவோடு இருந்த தொழில் தொடர்பு 1942-ல் முறிந்த பிறகு இந்த அளவு வீட்டைத் தாங்கும் வருமானம் பல குடும்பங்களுக்குத் திரும்பவே இல்லை. ஆனாலும் விற்றே ஆக வேண்டும் என்றால் முழு வீடாக விற்கப் பாருங்கள், வாங்கி நடத்த ஆள் இருக்கிறார்கள். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், அதில் ஒரு குழந்தை முகப்பிலிருந்து வளவுக்கு நடந்து போய்ப் பார்க்க முடியும். தூணாகத் தனித்தனியே போனால் ஒன்றுமே புரியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, பட்டியல் ஓடு மாற்றிக் கொடுக்காது.

எரிந்துபோனதைத் திரும்பக் கட்டினார்களாமே, அது பழசுதானா?

பெர்கன் பக்கத்தில் இருந்த ஃபான்டாஃப்ட் சர்ச். 1992 ஜூன் 6-ஆம் தேதி வேண்டுமென்றே தீ வைத்தார்கள், மொத்தமும் சாம்பல். 1997-ல் அதே மாதிரி கட்டி முடித்தார்கள். மரம் புதுசு, வேலை முறை பழசு. என்னைக் கேட்டால் அதைப் பழைய சர்ச் என்று சொல்லக் கூடாது, ஆனால் கட்டியது வீண் இல்லை. கட்டும்போது ஆசாரிகளுக்குக் கை திரும்பப் பழகுகிறது. அதே காரணத்துக்காகத்தான் 2001 முதல் 2015 வரை நார்வே அரசு எல்லா ஸ்டேவ் சர்ச்சுகளையும் பழுது பார்க்கும் பெரிய திட்டம் ஒன்றை நடத்தியபோது, பழைய முறையில், பழைய கருவியால், அதே தரமான மரத்தில் வேலை நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள்.

உலகத்திலேயே பழைய மரக் கட்டடம் இதுவா?

இல்லை. ஜப்பானில் நாரா பக்கம் ஹோர்யூஜி பௌத்தக் கோயில் இதைவிடப் பல நூற்றாண்டு முந்தியது. இங்கிலாந்தில் கிரீன்ஸ்டெட் சர்ச்சின் ஓக் சுவர் 11-ஆம் நூற்றாண்டு. நார்வேயிலேயே உர்னெஸ் இதைவிடப் பழசு.

நம்ம தமிழ்நாட்டில் மரத்தில் கோயில் கட்டியதே இல்லையா?

கட்டியிருக்கிறார்கள், ஆதாரம் கல்லிலேயே இருக்கிறது. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று 7-ஆம் நூற்றாண்டில் வெட்டிவைத்திருக்கிறான். அப்படிப் பெருமையாகச் சொல்கிறான் என்றால் அதற்கு முன்னால் வழக்கமாக மரமும் செங்கலும்தான் போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த கல் கோயில்களில் உத்தரம், போதிகை, கொடுங்கை எல்லாம் மர வேலையின் உருவத்திலேயே இருக்கின்றன. சிதம்பரத்தில் நடராஜர் ஆடுகிற சிற்சபை இன்றும் மரம்தான், மேலே பொன் வேய்ந்திருப்பதால் நாம் கவனிப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் பத்மநாபபுரம் அரண்மனையையும் போய்ப் பாருங்கள்.

சர்ச் என்று கேட்டால் நம்ம சிவகங்கை மாவட்டத்தில் பேர்பெற்றது இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம், 1894-ல் கட்டியது. அது செங்கல், சுண்ணாம்பு வேலை, வகையே வேறு.

சரி, எங்கள் வீட்டுத் தூணுக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

நாலைந்து வேலை சொல்கிறேன், எல்லாம் சின்ன வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு பிரித்து உடைந்ததை மாற்றுங்கள். கூடல்வாயில் (இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளம்) அடைந்திருக்கும் இலையை அள்ளுங்கள், பெரும்பாலான ஒழுகல் அங்கேதான் தொடங்குகிறது. மழை நின்ற மறுநாள் ஒவ்வொரு தூணின் அடியிலும் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால், மரம் கறுத்திருந்தால், ஒரு சின்ன ஆணி முனையால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் அந்த இடம் மட்டும் இற்றிருக்கிறது என்று அர்த்தம், முழுத் தூணையும் கழற்ற வேண்டியதில்லை. இற்றதை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரிகள் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறார்கள். நார்வேயிலும் அடிச்சட்டத்தின் முனை இற்றால் முனையை மட்டும்தான் மாற்றுகிறார்கள்.

தயவுசெய்து செய்யாதீர்கள் என்று ஒன்று: தூணின் அடியைச் சுற்றிச் சிமென்ட் பூசுவது. பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரத்துக்குள்ளேயே நிற்கும். பூசியே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பு. அப்புறம், பூட்டிய வீட்டை மாதம் ஒருமுறையாவது திறந்து ஜன்னல் கதவுகளை விரியத் திறந்துவிடுங்கள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவி கொடுத்தாவது.

நேரில் பார்க்கப் போக வேண்டும் என்றால்?

கோடையில் போங்கள், குளிர்காலத்தில் உள்ளே விடமாட்டார்கள். ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நடுவில், ஈ16 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பெர்கன் பக்கமிருந்து வந்தால் 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லெர்டால் சுரங்கப்பாதை வழியாக வருவீர்கள், உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம் அது. டிக்கெட் பக்கத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் வாங்க வேண்டும். சர்ச்சுக்கு எதிரே தனியாக நிற்கும் மணிக்கூண்டையும் பாருங்கள், 13-ஆம் நூற்றாண்டு, நார்வேயில் அந்த வகையில் தப்பியது அது ஒன்றே. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் உர்னெஸும் போய்விடுங்கள், 1979-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, அதன் வடக்குச் சுவர்ச் செதுக்கல் அதற்கு முன்னால் அங்கே நின்ற சர்ச்சிலிருந்து எடுத்து வைத்தது. பெரும்பாலானவர்கள் முன்பக்கம் ஃபோட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் போர்குண்டை வெளியே ஒருமுறை முழுசாகச் சுற்றி, மூலைத் தூணின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.